ஆம்புலன்ஸ் தாமதம்: நிமிடங்கள் எங்கே போகின்றன?

“போன் பண்ணி முக்கால் மணி நேரம் கழிச்சுத்தான் வண்டி வந்தது” என்பார்கள் வீட்டார். “22 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தோம்” என்று பதிவைக் காட்டுவார்கள் சேவையை நடத்துபவர்கள். ஊருக்கு ஊர் நடக்கும் வாக்குவாதம் இது. இரண்டு தரப்புமே பொய் சொல்லாமல் இருக்கலாம். அவர்கள் பார்த்த கடிகாரம்தான் வேறு வேறு.

அவசர ஊர்தி சேவையின் தரத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் முதலில் பிடித்துக்கொள்வது ‘ரெஸ்பான்ஸ் டைம்’ என்ற ஒற்றை எண்ணை. வண்டி வந்து சேர எத்தனை நிமிடம் ஆனது என்பதே அதன் பொருள். பார்க்க எளிமையாக இருக்கும் இந்த எண்ணுக்குள் குறைந்தது ஐந்தாறு தனித்தனி நேரங்கள் ஒளிந்திருக்கின்றன. எந்த நேரம் வீணானது என்று தெரியாமல் “108 லேட்” என்று மட்டும் புகார் எழுதினால், “விசாரிக்கப்பட்டது” என்ற பதிலோடு கோப்பு மூடப்படும். ஆகவே அந்த எண்ணைப் பிரித்துப் பார்ப்போம். உதாரணங்களுக்குத் தமிழ்நாட்டின் 108 சேவையை எடுத்துக்கொள்கிறோம்.

கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது?

காலை 6 மணிக்கு ஒருவர் வீட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறார். வாயுப் பிடிப்பாக இருக்கும் என்று சுடுதண்ணீர் கொடுக்கிறார்கள். பக்கத்து வீட்டு அண்ணனைக் கூப்பிடுகிறார்கள். 6.14க்கு 108ஐ அழைக்கிறார்கள். இடம் எது என்று புரிந்து வண்டிக்குத் தகவல் போகும்போது 6.18. வண்டி கிளம்புவது 6.20. தெருமுனைக்கு வருவது 6.40. சந்துக்குள் வண்டி நுழையாததால் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் வரும்போது 6.45.

வீட்டாரின் கணக்கில் 45 நிமிடம். போனை எடுத்ததிலிருந்து நோயாளியின் பக்கத்தில் வந்தது வரை எண்ணினால் 31. வண்டிக்குச் சொன்னதிலிருந்து தெருமுனை வரை எண்ணினால் 22. மூன்றும் சரியான எண்கள்தான். ஆனால் நோயாளிக்குப் பொருள் உள்ளது முதல் இரண்டு மட்டுமே. செய்திகளில் வரும் எண் பெரும்பாலும் மூன்றாவது வகை. அதுதான் ஜிபிஎஸ் கருவியிலிருந்து தானாகவே கிடைக்கிறது. யாராவது ஒரு ரெஸ்பான்ஸ் டைமைச் சொன்னால், எங்கே தொடங்கி எங்கே முடித்தீர்கள் என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

ஏழாவது மாடிக் குடியிருப்பு என்றால் இந்த இடைவெளி இன்னும் விரியும். பல லிஃப்டுகளில் ஸ்ட்ரெச்சரைப் படுக்கை வாக்கில் ஏற்ற முடியாது. காவலாளி கேட்டைத் திறந்து, பதிவேட்டில் வண்டி எண்ணை எழுதச் சொல்லும் கூத்தும் உண்டு. வாசலில் வண்டி நின்ற நொடியிலேயே அரசுக் கணக்கில் கடிகாரம் நின்றிருக்கும்.

அழைப்பு எடுக்கப்பட்ட பின்

தமிழ்நாட்டில் 108 சேவை 2008 செப்டம்பரில் தொடங்கியது. மாநில அரசின் பணத்தில், ஐதராபாத்தில் 2005இல் பிறந்த ஈ.எம்.ஆர்.ஐ. அமைப்பு இதை நடத்துகிறது. எந்த மாவட்டத்திலிருந்து அழைத்தாலும் சென்னைக் கட்டுப்பாட்டு அறைக்குத்தான் போகும். ‘நம்ம ஊர் ஆஸ்பத்திரியில் நிற்கும் வண்டியை நேரே கூப்பிட்டால் என்ன?’ என்று பலர் கேட்பார்கள். அந்த வண்டி அப்போது எங்கே இருக்கிறது, எந்த வண்டி கிட்டே இருக்கிறது என்பது கட்டுப்பாட்டு அறையின் திரையில்தான் தெரியும். ஆகவே நடுவில் ஒரு அறை இருப்பது தப்பல்ல. ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு: போனை எடுப்பவருக்கு உங்கள் ஊர் தெரியாது.

அதிக நிமிடங்கள் வீணாகும் இடமும் இதுதான். “மாரியம்மன் கோயில் பக்கத்துல” என்றால் உள்ளூர்க்காரருக்குப் போதும். சென்னையில் இருப்பவருக்கு மாநிலம் முழுக்க மாரியம்மன் கோயில். புதூர் என்ற பெயரில் மாவட்டத்துக்குப் பல ஊர்கள். செல்போன் டவரை வைத்துக் கிடைக்கும் இடக்குறிப்பு நகரத்தில் ஓரளவு உதவும். கிராமத்தில் ஒரு டவர் பல கிலோமீட்டர் சுற்றளவைப் பிடிப்பதால் அதைக் கொண்டு வீட்டைக் கண்டுபிடிக்க முடியாது. ஓசூர், களியக்காவிளை போன்ற எல்லை ஊர்களில் போன் அடுத்த மாநில டவரைப் பிடித்திருந்தால் அழைப்பே அந்த மாநிலத்துக்குப் போய்விடக்கூடும். அப்போது பதறி வைத்துவிடாமல் தமிழ்நாடு என்று சொல்லி மாற்றித் தரச் சொல்ல வேண்டும்.

எனவே சொல்ல வேண்டிய வரிசை இது: மாவட்டம், தாலுகா, எல்லோருக்கும் தெரிந்த பெரிய ஊர், அதிலிருந்து எந்தச் சாலையில் எத்தனை கிலோமீட்டர், கடைசியாகத்தான் கோயிலும் டீக்கடையும். நெடுஞ்சாலை விபத்து என்றால் பக்கத்தில் உள்ள கிலோமீட்டர் கல்லின் எண்ணும், வண்டி எந்த ஊரை நோக்கிப் போகும் பக்கம் என்பதும் முக்கியம். நடுவில் தடுப்புச் சுவர் உள்ள நான்குவழிச் சாலையில் எதிர்ப்பக்கம் வந்து சேர்ந்த ஆம்புலன்ஸ், அடுத்த திருப்பம் வரை போய்ச் சுற்றி வர வேண்டியிருக்கும். தேசிய நெடுஞ்சாலையில் 1033 என்ற எண்ணும் உண்டு. அது நெடுஞ்சாலை ஆணையத்தின் உதவி எண். சுங்கச்சாவடிகளை ஒட்டி நிற்கும் அவர்களுடைய ஆம்புலன்ஸ் சில சமயம் கிட்டே இருக்கும்.

ஆபரேட்டர் கேட்கும் கேள்விகள் எரிச்சல் மூட்டும். பேச்சு மூச்சு இருக்கிறதா, எத்தனை பேருக்கு அடி, ரத்தம் நிற்காமல் போகிறதா என்று கேட்பது எந்த வகை வண்டி, எத்தனை வண்டி அனுப்புவது என்று முடிவெடுக்கத்தான். இதில் “சீக்கிரம் அனுப்புங்க” என்று கத்திவிட்டுப் போனை வைத்துவிட்டால் அவர் திரும்ப அழைக்க வேண்டும். அதற்குள் உங்கள் போன் பிஸியாக இருக்கும். சொந்தக்காரர்களுக்கெல்லாம் தகவல் சொல்வதை வேறு போனில் வைத்துக்கொள்ளுங்கள். வண்டி ஓட்டுநர், சேவையின் மொழியில் ‘பைலட்’, வழி கேட்டு அந்த ஒரு எண்ணுக்குத்தான் அழைப்பார்.

வண்டி கிளம்புவதும் ஓடுவதும்

தகவல் கிடைத்ததிலிருந்து சக்கரம் உருளும் வரை ஆகும் நேரத்துக்கு அமெரிக்கத் தீயணைப்புத் துறைத் தரநிலை 60 நொடி வைத்திருக்கிறது. நம் ஊரில் இது நீளக் காரணம் பெரும்பாலும் சோம்பல் அல்ல. முந்தைய கேஸில் ரத்தமும் வாந்தியுமான ஸ்ட்ரெச்சரைக் கழுவிக்கொண்டிருப்பார்கள். அல்லது 12 மணி நேர ஷிப்டில் அப்போதுதான் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்திருப்பார்கள். நிற்குமிடத்தில் குழாயும் கழிப்பறையும் ஓய்வறையும் இல்லாமல் ஒரு வண்டியைச் சாலையோர மரத்தடியில் நிறுத்திவைத்தால், ஊழியர்கள் அவற்றைத் தேடிப் போவார்கள். அந்த நிமிடங்கள் கணக்கில் ஏறும்.

ஓட்டத்தைப் பொறுத்தவரை நம் கண்ணில் படுவது வேகமும் சைரனும்தான். கணக்குப் போட்டால் வேறு கதை. 12 கிலோமீட்டர் தூரத்தை 45 கி.மீ. வேகத்தில் கடக்க 16 நிமிடம், 60 கி.மீ. வேகத்தில் 12 நிமிடம். நான்கு நிமிட லாபத்துக்காகக் கிராமச் சாலையில், பின்னால் ஒருவர் நின்றுகொண்டு வைத்தியம் பார்க்கும் வண்டியை விரட்ட வேண்டும். அதே வண்டியை ஆறு கிலோமீட்டர் கிட்டே உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் நிறுத்தியிருந்தால், 45 கி.மீ. வேகத்திலேயே எட்டு நிமிடம் மிச்சம். வெளிநாட்டு ஆய்வுகளிலும் சைரன் மிச்சப்படுத்துவது பெரும்பாலும் ஓரிரு நிமிடம், கூடிப்போனால் மூன்று நான்கு என்றுதான் வந்திருக்கிறது. எங்கே நிறுத்துகிறார்கள் என்பதே பெரிய கேள்வி.

வழிவிடாதவருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 194இ பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். சட்டம் நல்லதுதான். ஆனால் நெரிசலில் சிக்கிய ஆம்புலன்ஸின் காணொளியைப் பார்த்துக் கொதிக்கும் அளவுக்கு, ஆம்புலன்ஸே காலியாக இல்லாத பிரச்சினையைப் பற்றி யாரும் கொதிப்பதில்லை.

காலியாக இல்லாத வண்டி

தேசிய சுகாதார இயக்கத்தின் அளவுகோல் 1 லட்சம் மக்களுக்கு ஒரு அடிப்படை ஆம்புலன்ஸ், 5 லட்சம் பேருக்கு ஒரு உயர்நிலை ஆம்புலன்ஸ். தமிழ்நாட்டில் 1,300க்கும் மேற்பட்ட வண்டிகள் ஓடுகின்றன. 2011 கணக்கெடுப்பின் 7.21 கோடி மக்கள்தொகையை வைத்துப் பார்த்தால் ஏறத்தாழ 55,000 பேருக்கு ஒன்று. தாளில் கணக்கு நன்றாகவே இருக்கிறது. ஆனால் அளவுகோல் தலைகளை எண்ணுகிறதே ஒழிய தூரத்தை எண்ணுவதில்லை. எழுபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கொல்லிமலைக்கும் மதுரை நகரத்துக்கும் ஒரே வாய்பாடு சரிப்படாது. அந்த அளவுகோல் கேட்காத இன்னொன்று: இந்த 1,300இல் இந்த நிமிடம் காலியாக இருப்பது எத்தனை?

வண்டிகளை விழுங்குவதில் முன்னால் நிற்பது ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி மாற்றும் டிரிப். தாலுகா அரசு மருத்துவமனையில் ‘இங்கே வசதியில்லை, மெடிக்கல் காலேஜுக்குக் கொண்டுபோங்கள்’ என்கிறார்கள். 60 கிலோமீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்வோம். 50 கி.மீ. வேகத்தில் போக 72 நிமிடம், ஒப்படைக்க 20, திரும்ப 72. மொத்தம் 164 நிமிடம், அதாவது இரண்டே முக்கால் மணி நேரம், அந்தத் தாலுகாவின் வண்டி ஊரில் இல்லை. அந்நேரத்தில் பைக் விபத்து நடந்தால் அடுத்த தாலுகாவிலிருந்து வண்டி வர வேண்டும். தாமதமாக வந்ததற்கு அந்த வண்டியின் ஊழியர்கள்தான் அடி வாங்குவார்கள். அவர்கள் கிளம்பிய நேரமும் ஓட்டிய வேகமும் குறையில்லாமலே இருந்திருக்கும். உண்மையில் உடைந்தது தாலுகா மருத்துவமனையின் வசதி.

அடுத்தது ஒப்படைப்பு. பெரிய அரசு மருத்துவமனையில் ஸ்ட்ரெச்சர் காலியில்லை என்றால், ஆம்புலன்ஸின் ஸ்ட்ரெச்சரிலேயே நோயாளியைப் படுக்கவைத்திருப்பார்கள். ஸ்ட்ரெச்சர் இல்லாமல் வண்டி கிளம்ப முடியாது. இங்கிலாந்தில் இதற்கு 15 நிமிட இலக்கு வைத்திருக்கிறார்கள். அது தவறி, ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசைகட்டி நிற்பது அங்கே தேசியப் பிரச்சினை. மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை அடங்கும் இரண்டாம் வகை அழைப்புகளுக்கு 2017இல் சராசரி 18 நிமிடம் என்று இலக்கு வைத்தவர்கள், 2023இல் தற்காலிகமாக 30 நிமிடமாகத் தளர்த்த வேண்டியதாயிற்று.

இன்னொரு ஓட்டை, பட்டறை. பிரேக் வேலைக்கோ ஏசி பழுதுக்கோ போன வண்டி பட்டியலில் இருக்கும், சாலையில் இருக்காது. பதிலுக்கு மாற்று வண்டி வருகிறதா, எத்தனை மணி நேரத்தில் என்பதைக் கேட்டுப் பார்த்தால் ஒரு மாவட்டத்தின் நிர்வாகம் எப்படி என்று தெரிந்துவிடும்.

சராசரி செய்யும் மாயம்

பத்து அழைப்புகளுக்கு வண்டி வந்த நிமிடங்கள்: 6, 7, 7, 8, 8, 9, 9, 10, 32, 44. கூட்டினால் 140, சராசரி 14 நிமிடம். ‘சராசரி 14 நிமிடத்தில் சேவை’ என்று தாராளமாகப் பலகை வைக்கலாம். ஆனால் இந்தப் பத்துப் பேரில் ஒருவருக்குக்கூடச் சரியாக 14 நிமிடத்தில் வண்டி வரவில்லை. எட்டுப் பேருக்கு அதைவிட நன்றாக, இரண்டு பேருக்கு மிக மோசமாக. அந்த இரண்டு பேரும் ஏதோ ஒரே மூலையில் உள்ள கிராமங்களைச் சேர்ந்தவர்களாக இருப்பார்கள், ஒவ்வொரு மாதமும்.

அதனால்தான் இத்துறையில் விவரம் தெரிந்தவர்கள் சராசரியோடு நிற்காமல் ‘நூற்றுக்கு 90 பேருக்கு எத்தனை நிமிடத்துக்குள்?’ என்றும் கேட்கிறார்கள். மேலே உள்ள பட்டியலில் அந்த விடை 32. இங்கிலாந்தில் உயிர் போகும் நிலையில் உள்ள முதல் வகை அழைப்புகளுக்குச் சராசரி 7 நிமிடம், 90 சதவீதம் 15 நிமிடத்துக்குள் என்று இரண்டு இலக்குகளும் சேர்ந்தே இருப்பது இதற்காகத்தான்.

சராசரியில் சேராமலே போகும் அழைப்புகளும் உண்டு. வண்டி வரக் காணோம் என்று ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டால், அந்த அழைப்பில் ‘வந்து சேர்ந்த நேரம்’ என்று ஒன்று இல்லை. அது வெறும் ரத்து. காலி வண்டி இல்லை என்று சொல்லப்பட்ட அழைப்புக்கும் அதே கதி. ஆக, மிக மோசமான தாமதங்களே கணக்கிலிருந்து உதிர்ந்து, மீதியை வைத்துச் சராசரி அழகாகிவிடும். ரத்தான அழைப்புகளின் எண்ணிக்கையைச் சேர்த்துத் தராத எந்த ரெஸ்பான்ஸ் டைம் அறிக்கையையும் நம்ப வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

வந்த வண்டியில் என்ன இருக்கிறது?

சீக்கிரம் வந்து வெறுங்கையோடு நிற்கும் வண்டியால் பயன் இல்லை. இந்தியத் தரநிலை ஏஐஎஸ் 125 ஆம்புலன்ஸ்களை நான்காகப் பிரிக்கிறது. ஏ வகை, முதல் உதவியாளர் ஓட்டிவரும் பைக் போன்றது. பி வகை, நோயாளியைப் படுக்கவைத்துக் கொண்டுபோக மட்டும். சி வகை அடிப்படை உயிர்காப்பு. டி வகை உயர்நிலை உயிர்காப்பு.

108இன் அடிப்படை வண்டியில் பைலட்டும், இ.எம்.டி. எனப்படும் அவசர மருத்துவ உதவியாளரும் இருப்பார்கள். ஆக்சிஜன், சளியையும் ரத்தத்தையும் உறிஞ்சும் கருவி, கழுத்துப் பட்டை, முதுகெலும்புப் பலகை, எலும்பு முறிவுக்குச் சிம்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை, ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவிகள், பிரசவப் பெட்டி ஆகியவை இருக்க வேண்டும். உயர்நிலை வண்டியில் கூடுதலாக வென்டிலேட்டர், இதயத் துடிப்புத் திரை, மின்அதிர்ச்சிக் கருவி, மருந்தைச் சொட்டு அளவாகச் செலுத்தும் பம்ப். சந்தேகம் வந்தால் இ.எம்.டி. கட்டுப்பாட்டு அறை மருத்துவரிடம் போனில் கேட்டு மருந்து கொடுக்கலாம்.

அரசு மருத்துவமனை வாசலில் வரிசையாக நிற்கும் தனியார் ஆம்னி வேன்கள் பலவற்றில் ஒரு ஸ்ட்ரெச்சரும் ஒரு சிலிண்டரும் ஓட்டுநரும் மட்டுமே. சாதாரணமாக வீட்டுக்குக் கூட்டிப்போக அது போதும். மூச்சுத் திணறும் நோயாளியை வேறு ஊருக்கு மாற்றும்போது போதாது. ஏறுவதற்கு முன் இரண்டு கேள்வி: பின்னால் நோயாளியோடு உட்காரப் போவது யார்? சிலிண்டர் மீட்டர் எவ்வளவு காட்டுகிறது?

இரண்டாவது கேள்விக்கு ஒரு கணக்கு. வண்டிகளில் சாதாரணமாக வைக்கும் பி வகைச் சிலிண்டரில் (இது சிலிண்டரின் அளவு, மேலே சொன்ன வண்டி வகை அல்ல) முழுதாக நிரப்பினால் சுமார் 1,500 லிட்டர் ஆக்சிஜன். முகமூடி வழியே நிமிடத்துக்கு 10 லிட்டர் கொடுத்தால் 150 நிமிடம் வரும். மீட்டர் முள் பாதியில் இருந்தால் 75 நிமிடம். மேலே பார்த்த 60 கிலோமீட்டர் மாற்றத்துக்கு 72 நிமிடம் என்று கணக்கிட்டோம். பாதிச் சிலிண்டரோடு கிளம்பினால் கையிருப்பு மூன்று நிமிடம். வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தால் அதுவும் இல்லை. போகும் நேரத்தோடு குறைந்தது அரை மணி நேரத்தைக் கூட்டி, அதற்குப் போதுமான ஆக்சிஜன் இல்லாத வண்டியில் ஏற்றக் கூடாது. பெரிய டி வகைச் சிலிண்டரில் சுமார் 7,000 லிட்டர் இருக்கும்.

இறந்தவரின் உடலை 108 ஏற்றாது. அதற்கு 155377 என்ற இலவச அமரர் ஊர்தி எண் இருக்கிறது. பிரசவம் முடிந்து தாயையும் குழந்தையையும் வீட்டில் விடுவதற்கு 102. இந்த வேலைகளுக்கு 108ஐ எதிர்பார்த்துக் காத்திருந்து, பிறகு தாமதம் என்று சண்டைபோடுவதும் நடக்கிறது.

எந்த ஆஸ்பத்திரி என்பதும் தாமதத்தின் கதைதான்

பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கிய 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் சி.டி. ஸ்கேன் எடுத்தாக வேண்டும். பத்து நிமிடத்தில் வந்த ஆம்புலன்ஸ், ஸ்கேன் இல்லாத கிட்டத்து மருத்துவமனையில் இறக்கிவிட்டு, அங்கிருந்து மறுபடி மாற்ற இரண்டு மணி நேரம் ஆனால் அந்தப் பத்து நிமிடத்தைப் பாராட்டி என்ன பயன்? அதனால் முகம் கோணுதல், கை விழுதல், பேச்சுக் குழறல் எதையாவது பார்த்தால் ‘கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார்’ என்பதை இ.எம்.டி.யிடம் சொல்லி, ஸ்கேன் உள்ள இடத்துக்கே போகும்படி கேட்க வேண்டும்.

சாலை விபத்துக்குத் தமிழ்நாட்டில் ஒரு வசதி உண்டு. 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், பட்டியலில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்து நடந்தால் போதும். அடிபட்டவர் எந்த ஊர்க்காரர் என்று பார்ப்பதில்லை. தூக்கிக் கொண்டுபோய்ச் சேர்ப்பவரைக் கட்டாயப்படுத்திப் பெயர் கேட்கவோ வழக்கில் இழுக்கவோ கூடாது என்பதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு இருக்கிறது.

இலங்கையிலும் இதே மாதிரியில் 1990 சுவசெரிய சேவை 2016இல் இந்திய உதவியோடு மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, 2018இல் யாழ்ப்பாணத்துக்கும் வந்தது. மேலே சொன்ன கடிகாரக் கணக்குகள் அங்கும் பொருந்தும்.

வண்டி வரும் வரை

மூச்சும் பேச்சும் இல்லாமல் விழுந்தவருக்கு எந்த நாட்டு ஆம்புலன்ஸும் போதாது. இதயம் நின்ற நான்கு முதல் ஆறு நிமிடத்தில் மூளை கெடத் தொடங்கும். நெஞ்சழுத்தம் செய்யாத ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. ஆகவே 108 ஆபரேட்டரை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் கையை வைக்க வேண்டியதுதான்: கட்டிலில் அல்ல, தரையில் படுக்கவைத்து, மார்பின் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, முழங்கை மடக்காமல், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, பெரியவர்களுக்கு 5 செ.மீ. ஆழத்துக்கு அமுக்கி, ஒவ்வொரு முறையும் மார்பு முழுதாக எழும்ப விட வேண்டும். இரண்டு நிமிடத்தில் கை ஓய்ந்துவிடும், இன்னொருவர் மாற்றிக்கொள்ளட்டும்.

ரத்தம் கொட்டினால் சுத்தமான துணியை வைத்து, எடுத்து எடுத்துப் பார்க்காமல் அழுத்திப் பிடிக்கவும். மூச்சுத் திணறுபவரைப் படுக்கவைக்காமல் சாய்த்து உட்கார வைக்கவும். கழுத்தில் அடிபட்டவரைத் தோளில் தூக்கி ஆட்டோவில் மடக்கி ஏற்றுவது, பிழைத்தவரைப் படுக்கையில் போடும் வேலை; தீயோ வேறு ஆபத்தோ இல்லாவிட்டால் அசைக்காமல் காத்திருப்பதே மேல். பாம்புக்கடி போன்றவற்றில் வண்டி வர மிகவும் நேரமாகும் என்று தெரிந்தால், கிடைத்த வாகனத்தில் கிளம்பி, வழியில் ஆம்புலன்ஸைச் சந்திக்க முடியுமா என்று 108இடமே கேட்கலாம். வேறு வண்டியில் போய்விட்டால் 108க்கு ஒரு தகவல் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் அந்த வண்டி காலி வீட்டைத் தேடி அலையும் நேரம் இன்னொருவருடையது.

ஒருவரைப் பிரதான சாலைத் திருப்பத்தில் நிற்க வையுங்கள். இரவானால் கையில் செல்போன் வெளிச்சத்தோடு. கேட்டைத் திறந்து, நாயைக் கட்டி, பைக்குகளை ஒதுக்கி, நோயாளி சாப்பிடும் மாத்திரைகளையும் பழைய சீட்டுகளையும் ஒரு பையில் எடுத்து வைத்தால் ஐந்து நிமிடம் மிச்சமாகும்.

புகாரும் கேள்வியும்

தாமதம் நடந்துவிட்டது. புகாரில் என்ன எழுதுவது? எந்த எண்ணிலிருந்து அழைத்தீர்கள், எத்தனை மணி எத்தனை நிமிடத்துக்கு (போனின் அழைப்புப் பட்டியலைப் படமெடுத்து வைக்கவும்), வண்டியின் பதிவு எண், வந்த நேரம், நோயாளியை ஏற்றிய நேரம், மருத்துவமனையில் ஒப்படைத்த நேரம். அழைப்புகள் பதிவு செய்யப்படுவதால் இந்த விவரங்களை வைத்து உங்கள் அழைப்பைத் தேடி எடுக்க முடியும். ‘ஊழியர்மீது நடவடிக்கை’ என்று மட்டும் கேட்டால் ஒருவருக்கு விளக்க நோட்டீஸ் போவதோடு முடியும். ‘அந்நேரம் எங்கள் பகுதி வண்டி எங்கே இருந்தது, எதற்காக?’ என்று கேட்டால்தான் பதில் சொல்ல வேண்டியவர் மாறுவார்.

ஊர் முழுக்க இருக்கும் குறை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மாநில சுகாதாரத் துறைக்கு எழுதலாம். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் வர வேண்டும். சரியான அலுவலகம் எது என்று தெரியாவிட்டாலும் கவலையில்லை. 6(3) பிரிவின்படி அவர்களே ஐந்து நாளுக்குள் உரிய இடத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டும். கேள்விகளைச் சுருக்கமாகக் கேளுங்கள். எங்கள் தாலுகாவில் எத்தனை வண்டிகள், எங்கெங்கே நிற்கின்றன? கடந்த ஆறு மாதங்களில் மாதவாரியாக, போனை எடுத்தது முதல் சம்பவ இடம் சேர்ந்தது வரை 90 சதவீத அழைப்புகளுக்கு எத்தனை நிமிடம்? வண்டி இல்லாததாலும் அழைத்தவர் ரத்து செய்ததாலும் நடக்காத டிரிப்புகள் எத்தனை? ஆஸ்பத்திரி மாற்றத்துக்கு மட்டும் போன டிரிப்புகள் எத்தனை? வண்டிகள் பழுதில் நின்ற மணி நேரம் எவ்வளவு? ‘சேவை திருப்திகரமாக உள்ளதா?’ போன்ற கருத்துக் கேள்வி வேண்டாம். பதிவேட்டில் இருப்பதைத்தான் தர வேண்டும் என்று சொல்லித் திருப்பிவிடுவார்கள்.

பதில் கையில் இருந்தால் கிராம சபையில் பேச ஒரு பிடி கிடைக்கும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கூட்டங்கள். ‘ஆம்புலன்ஸ் சீக்கிரம் வர வேண்டும்’ என்ற தீர்மானத்தை யாரும் எதிர்க்க மாட்டார்கள், யாரும் நிறைவேற்றவும் மாட்டார்கள். ‘தாலுகா மருத்துவமனையில் நிற்கும் இரண்டு வண்டிகளில் ஒன்றை இரவு 8 முதல் காலை 8 வரை எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நிறுத்த வேண்டும்; ஊழியர்களுக்கு அறையும் தண்ணீரும் கழிப்பறையும் ஊராட்சி தரும்’ என்று எழுதுங்கள். அதற்குப் புது வண்டி வாங்க வேண்டியதில்லை.